கொழுந்தும் பழுத்த இலையும்: நீர்த்தாவரத் தொட்டியில் ஊட்டக் குறைகளை அறிதலும் தீர்த்தலும்

பள்ளிகளின் அறிவியல் அறையிலும் வீடுகளின் கூடத்திலும் நீர்த்தாவரங்கள் வளரும் கண்ணாடித் தொட்டிகள் இன்று அரியன அல்ல. அத்தொட்டியில் ஓர் இலை மஞ்சளானால் நம்மில் பலர் செய்வது ஒன்றே. கடையில் வாங்கிய உரப் புட்டியைத் திறந்து ஊற்றுகிறோம். இலை தேறவில்லை என்றால் மேலும் ஊற்றுகிறோம். சில வாரங்களில் கண்ணாடியெங்கும் பாசி படர்கிறது. மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய் திறக்கின்றன. தொட்டி ஒரு மூலைக்குப் போய்விடுகிறது. இவ்வளவுக்கும் தொடக்கத்தில் நேர்ந்தது உரப் பற்றாக்குறையாகவே இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. நோயை அறியுமுன் மருந்து கொடுத்ததே அங்கு நிகழ்ந்த பிழை.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் நோய், அதன் காரணம், அதைத் தணிக்கும் வழி என்ற வரிசையை நமக்குக் கற்பிக்கிறது. அவ்வரிசையை ஒரு நீர்த்தாவரத் தொட்டியில் எவ்வாறு பின்பற்றுவது என்பதை விளக்குவதே இவ்வுரையின் முதல் நோக்கம். அவ்வாறு கண்டதைத் தமிழில் துல்லியமாகச் சொல்ல நம்மிடம் என்னென்ன சொற்கள் உள்ளன என்று காட்டுவது இரண்டாம் நோக்கம். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் தமிழில் கற்பிக்கப்பட்டு வந்துள்ளது. சிங்கப்பூரில் அது ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகிறது. தமிழ் தாய்மொழிப் பாடமாக நிற்கிறது. இரு நாட்டு மாணவருக்கும் பொதுவான இடர் ஒன்று உண்டு. உணர்ச்சியைச் சொல்லத் தமிழ், உற்றுநோக்கலைச் சொல்ல வேறு மொழி என்று மனம் பிரிந்துவிடுவதே அது. கண் முன்னால் இருக்கும் ஓர் இலையைப் பற்றித் தெளிவாகத் தமிழில் பேச முடிந்தால் அப்பிரிவு சிறிதேனும் குறையும்.

1. தாவரம் எவற்றை நாடுகிறது?

தாவரங்களுக்கு இன்றியமையாதவை எனப் பொதுவாக 17 தனிமங்கள் எண்ணப்படுகின்றன. கரி, நீர்வளி, உயிர்வளி ஆகிய மூன்றும் நீரிலிருந்தும் கரிவளியிலிருந்தும் கிடைக்கின்றன. எஞ்சிய 14 தனிமங்களைத் தாவரம் கனிம வடிவில் பெறுகிறது. மிகுதியாகத் தேவைப்படுவன பேரூட்டங்கள். மிகச் சிறிதளவே தேவைப்படுவன நுண்ணூட்டங்கள். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், கந்தகம் ஆகியவை முன்னவை. இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், செம்பு, போரான், மாலிப்டினம், குளோரின், நிக்கல் ஆகியவை பின்னவை.

ஒரு தனிமத்தை இன்றியமையாதது என்று எப்போது கூறலாம்? ஆர்னன், ஸ்டவுட் என்னும் இரு அறிஞர்கள் 1939இல் அதற்கு மூன்று அளவுகோல்களை வகுத்தனர். அத்தனிமம் இன்றித் தாவரம் தன் வாழ்க்கைச் சுழற்சியை நிறைவு செய்ய இயலாது. அதன் குறையை அதுவே தீர்க்கும், வேறொன்று தீர்க்காது. அது தாவரத்தின் ஊட்டத்தில் நேரடியாகப் பங்கேற்கிறது. இவற்றுள் இரண்டாம் அளவுகோல் நமக்கு மிகவும் பயன்படுவது. இரும்புக் குறைக்குப் பொட்டாசியம் மருந்தாகாது. எனவே ‘ஏதேனும் ஓர் உரம்’ என்பது மருத்துவம் ஆகாது.

இதனோடு இணைத்து எண்ண வேண்டியது ‘குறைந்ததன் விதி’. ஸ்பிரெங்கல் 1828இல் கூறியதும் பின்னர் லீபிக் பரவலாக்கியதுமான இவ்விதியின்படி, தாவரத்தின் வளர்ச்சியை வரையறுப்பது மிகுதியாக உள்ள சத்தன்று. தேவையோடு ஒப்பிடக் குறைவாக உள்ள சத்தே. பலகைகளால் அமைந்த மரத்தொட்டி ஒன்றை எண்ணிக்கொள்வோம். ஒரு பலகை மட்டும் குட்டையாக இருந்தால், மற்றப் பலகைகள் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் நீர் அந்தக் குட்டைப் பலகையின் உயரம் வரைதான் நிற்கும். ஏற்கெனவே உயர்ந்த பலகையை மேலும் உயர்த்துவதால் பயனில்லை. தாவரத்துக்குப் பயன்படாத அந்த மிகுதி பாசிக்குப் பயன்படக்கூடும்.

தமிழ் உழவர் வழக்கில் நைட்ரஜன் தழைச்சத்து, பாஸ்பரஸ் மணிச்சத்து, பொட்டாசியம் சாம்பல் சத்து. முதல் இரண்டு பெயர்களும் பயனைக் கொண்டு அமைந்தவை: ஒன்று தழையை வளர்ப்பது, மற்றொன்று மணி பிடிக்க உதவுவது. மூன்றாவது பெயர் அச்சத்தின் பழைய மூலத்தைக் காட்டுகிறது. பொட்டாசியத்தின் பெயருக்கு அடியான ‘பொட்டாஷ்’ என்னும் சொல்லும் பானைச் சாம்பல் என்றே பொருள்படும். வயலுக்கு அமைந்த இச்சொற்கள் கண்ணாடித் தொட்டிக்கும் தடையின்றிப் பொருந்துகின்றன.

2. உரத்துக்கு முன் விலக்க வேண்டியவை

இலையில் தோன்றும் மாற்றம் அனைத்தும் ஊட்டக் குறையன்று. பின்வருவனவற்றை முதலில் விலக்கிவிட வேண்டும்.

முதலாவது, இடமாற்றத்தின் விளைவு. விற்பனைக்கு வரும் நீர்த்தாவரங்கள் பல, பண்ணையில் நீருக்கு மேல் வளர்க்கப்பட்டவை. நீருக்குள் வைத்ததும் அவற்றின் பழைய இலைகள் அழுகி உதிர்ந்து, நீருக்கு ஏற்ற புதிய இலைகள் தோன்றும். கிரிப்டோகோரைன் இனங்கள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த இவை நம் வட்டாரத்துக்கு அயலானவை அல்ல. மலாயாத் தீபகற்பத்தின் ஓடைகளில் பல இனங்கள் வளர்கின்றன. புக்கிட் தீமாவின் பெயரைத் தாங்கிய கலப்பினம் ஒன்று சிங்கப்பூருக்கே உரியது. கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் ‘வெண்டி’ இனம் இலங்கைக்கு உரியது. இச்செடிகள் நீரின் தன்மை திடீரென மாறினாலே இலை முழுவதையும் இழந்துவிடும். வேர் நலமாக இருந்தால் சில வாரங்களில் மீண்டும் துளிர்க்கும். அப்போது தேவைப்படுவது பொறுமையே, உரம் அன்று.

இரண்டாவது, நடவுப் பிழை. ஜாவா பெரணி, அனுபியாஸ் ஆகியவற்றின் கிடைத்தண்டை மணலுக்குள் புதைத்தால் அது அழுகும், இலைகள் வெளிறும். கல்லிலோ மரக்கட்டையிலோ கட்டிவிடுவதே உரிய முறை.

மூன்றாவது, இயல்பான உறுப்பைக் குறையெனக் கருதுதல். ஜாவா பெரணியின் இலையடியில் பழுப்பு நிறப் புள்ளிகள் வரிசையாகத் தோன்றும். அவை வித்துத்தூள் உண்டாகும் இடங்கள். பெரணியின் இனப்பெருக்க உறுப்பைப் பொட்டாசியக் குறையாக எண்ணி உரம் ஊற்றுவோர் உளர்.

நான்காவது, ஒளியும் கரிவளியும். நீரில் கரிவளி பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. ஆகவே நீர்த்தாவரத்துக்கு முதலில் தட்டுப்படுவது பெரும்பாலும் கரிவளியே. விளக்கின் ஒளியை மிகுத்துக் கரிவளியை மிகுக்காவிட்டால், வளர்ச்சி குன்றி இலைமேல் பாசி படியும். இது கனிமச் சத்தின் குறைபோல் தோன்றும். ஆனால் எந்தக் கனிம உரமும் இதைத் தீர்க்காது. ஒளியைக் குறைப்பதே சில தொட்டிகளுக்குப் போதுமான தீர்வாகும். நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேர விளக்கொளி பெரும்பாலான தொட்டிகளுக்குப் போதும்.

ஐந்தாவது, நத்தையும் மீனும் கடித்த தடம். கடித்த துளையின் ஓரம் தூய்மையாக வெட்டுண்டிருக்கும். ஊட்டக் குறையால் தோன்றும் துளையைச் சுற்றி மஞ்சள் அல்லது கருகிய வளையம் இருக்கும்.

3. முதல் வினா: எந்த இலை?

இவற்றை விலக்கிய பின்னரும் செடி தேறவில்லை என்றால் நாம் கேட்க வேண்டிய முதல் வினா, ‘இலை என்ன நிறம்?’ என்பதன்று. ‘எந்த இலை?’ என்பதே.

இதற்குக் காரணம் தாவரத்தின் உள்ளமைப்பில் இருக்கிறது. சில சத்துகள் ஓர் இலையில் சேர்ந்த பிறகும் அங்கேயே தங்கிவிடுவதில்லை. பற்றாக்குறை வந்ததும் தாவரம் முதிய இலையிலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்து, புளோயம் வழியாக வளரும் நுனிக்கு அனுப்புகிறது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, மெக்னீசியம் ஆகியவை இத்தகையன. இவற்றை இடம்பெயரும் சத்துகள் எனலாம். இவை குறைந்தால் முதலில் வாடுவது முதிய இலை. வேறு சில சத்துகள் ஓரிடத்தில் அமைந்துவிட்டால் எளிதில் நகர்வதில்லை. கால்சியம் செல்சுவரில் கட்டுண்டு நிற்கிறது. இரும்பும் போரானும் அவ்வாறே பெரும்பாலும் இருந்த இடத்தில் தங்கிவிடுகின்றன. இவை இடம்பெயராச் சத்துகள். இவை குறைந்தால் முதிய இலை நலமாக இருக்கும். புதிதாகத் தோன்றும் இலை நோயுறும்.

இலையின் அகவை இங்கே நோயறிதலின் திறவுகோல் ஆகிறது. அகவையால் இலையைப் பிரித்துப் பெயரிடுவதில் தமிழ் மிகுந்த வளமுடையது. தேவநேயப் பாவாணர் தம் சொல்வளக் கட்டுரையில் இலைவகைகளுக்கும் கொழுந்து வகைகளுக்கும் உரிய சொற்களைத் தொகுத்துக் காட்டியிருக்கிறார். துளிர், தளிர், குருத்து, கொழுந்து என்பன இளமையைக் குறிக்கும். இலை என்பது வளர்ந்த நிலை. பழுத்த இலை முதிர்ந்த நிலை. சருகு காய்ந்த நிலை. பாடநூலில் ‘புதிய இலை’, ‘பழைய இலை’ என்று இரண்டே சொல்லில் அடங்கும் செய்தியை நம் மாணவர் நான்கு படிகளில் எழுதலாம். ‘கொழுந்து வெளிறியுள்ளது, அதற்கு அடுத்த தளிர் சற்று வெளிறியுள்ளது, கீழ் இலைகள் பசுமையாக உள்ளன’ என்று ஒரு மாணவர் எழுதினால், அக்குறிப்பிலேயே பாதி நோயறிதல் முடிந்துவிடுகிறது.

செடியின் அமைப்பையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும். ஹைட்ரில்லா போன்ற தண்டுச் செடியில் கொழுந்து உச்சியில் இருக்கும். முதிய இலை அடியில் இருக்கும். கிரிப்டோகோரைன், வாலிஸ்நேரியா போன்ற கொத்துச் செடியில் கொழுந்து நடுவில் தோன்றும். முதிய இலை வெளிவட்டத்தில் இருக்கும். மேல், கீழ் என்று எழுதுவதைவிடக் கொழுந்து, முதிர் இலை என்று எழுதுவது ஏன் சிறந்தது என்பது இதனால் விளங்கும்.

4. இரண்டாம் வினா: எவ்வாறு மாறுகிறது?

முதிர்ந்த இலைகளில் தொடங்கும் குறைகளை முதலில் காண்போம்.

இலை முழுவதும் ஒரே சீராக மஞ்சளாகி, பின்னர் ஒளி ஊடுருவும்படி மெலிந்து உதிர்ந்தால் தழைச்சத்துக் குறையை ஐயுறலாம். புதிய இலைகள் அளவில் சிறுத்திருக்கும். சிவப்பு நிறச் செடிகள் சில இந்நிலையில் மேலும் சிவக்கும். அதை அழகென மகிழ்வதற்கு முன் வளர்ச்சி நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

இலைப்பரப்பில் ஊசியால் குத்தியது போன்ற துளைகள் தோன்றி, அவற்றின் ஓரம் மஞ்சளாகிப் பின்னர் கருகினால் சாம்பல் சத்துக் குறை எனலாம். இலையின் விளிம்பும் மஞ்சளாகும். மீன் உணவிலிருந்தும் கழிவிலிருந்தும் தழைச்சத்தும் மணிச்சத்தும் தொட்டிக்குள் வந்துகொண்டேயிருக்கும். பொட்டாசியம் ஒப்பளவில் குறைவாகவே வரும். மீன் நிறைந்த தொட்டியிலும் இக்குறை தோன்றுவது அதனால்தான்.

செடி குன்றி, இலை வழக்கத்தைவிடக் கருமை கலந்த பச்சையாகி, வளர்ச்சி ஏறத்தாழ நின்றுவிட்டால் மணிச்சத்துக் குறையை எண்ணலாம். கண்ணாடியிலும் முதிய இலைகளிலும் சுரண்டினாலும் எளிதில் அகலாத பச்சைப் புள்ளிப் பாசி தோன்றுவது இதற்குத் துணையான குறி என்பது தொட்டி வளர்ப்போரின் பட்டறிவு.

நரம்புகள் பசுமையாக இருக்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியக் குறை. பச்சையத்தின் மூலக்கூற்று நடுவில் அமைந்திருப்பது மெக்னீசியமே.

இனிக் கொழுந்தில் தொடங்கும் குறைகள். கொழுந்து நரம்பிடையே வெளிறி, குறை கடுமையானால் ஏறத்தாழ வெண்மையாகவே தோன்றினால் இரும்புக் குறை. மாங்கனீசுக் குறையும் இதைப் போன்றதே. அதில் வெளிறிய பகுதிகளில் சிறு கருகற் புள்ளிகள் தோன்றக்கூடும். கொழுந்து முறுக்கியும் கொக்கிபோல் வளைந்தும் சிறுத்தும் தோன்றினால் கால்சியக் குறை. போரான் குறைந்தால் வளர்நுனியே மடியும்.

மெக்னீசியக் குறையையும் இரும்புக் குறையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது மாணவருக்கு நல்ல பயிற்சி. இரண்டும் நரம்பிடை வெளிறல்தான். இலையின் அகவை ஒன்றே அவற்றை வேறுபடுத்துகிறது. ஒலியன் ஆய்வில் ‘கல்’, ‘கள்’ என்னும் இணையை வைத்து, ஓர் ஒலி மாறினால் பொருள் மாறுவதைக் காட்டுகிறோம். இங்கும் அதே நெறிதான்: மற்ற அனைத்தும் ஒத்திருக்க, ஒரு கூறு மாறினால் காரணம் மாறுகிறது. அந்த ஒரு கூற்றைக் கவனியாதவர் மெக்னீசியம் வேண்டிய செடிக்கு இரும்பை ஊற்றுவார்.

5. சொற்கள் உதவுமிடமும் வழுக்குமிடமும்

இலை பச்சையம் இழந்து வெளிறுவதைத் தமிழ்ப் பாடநூல்கள் பச்சையச் சோகை என்கின்றன. ‘இரத்தச் சோகை’ என்னும் சொல்லை அறிந்த மாணவருக்கு இது உடனே விளங்கும். இரண்டுக்கும் இரும்புக் குறை ஒரு காரணமாக அமைவது இவ்வொப்புமைக்கு வலிமை தருகிறது. எனினும் ஒப்புமை ஓரெல்லை வரைதான் செல்லும். குருதியின் சிவப்பணுப் புரதத்தில் இரும்பு ஓர் உறுப்பாகவே இருக்கிறது. பச்சையத்திலோ இரும்பு இல்லை. பச்சையம் உருவாகும் வழியில் அது தேவைப்படுகிறது. ஆசிரியர் இவ்வேறுபாட்டைச் சுட்டாவிட்டால், நல்ல சொல்லே தவறான கருத்துக்கு வழியாகிவிடும்.

தலைவியின் மேனி நிறம் மாறுவதைப் பழந்தமிழ் பசலை என்றது. திருக்குறளில் ‘பசப்புறு பருவரல்’ என ஓர் அதிகாரமே உண்டு. பசுமையும் பசலையும் ஒரே அடியில் பிறந்தவை என்பதை எண்ணினால், பச்சைக்கும் வெளிறிய மஞ்சளுக்கும் இடையிலான நிறப் பரப்பைத் தமிழர் எவ்வளவு கூர்ந்து நோக்கினர் என்பது புலனாகும். ஆயினும் அறிவியல் குறிப்பேட்டில் ‘பசலை பாய்ந்தது’ என எழுதுவது பொருந்தாது. ‘வெளிறியது’ என்பதே போதும்.

மிகுதியாக வழுக்கும் சொல் ‘பழுப்பு’. பழைய வழக்கில் அது பழுத்த இலையையும் அதன் மஞ்சள் நிறத்தையும் குறிக்கும். இன்றைய வழக்கில் அது காப்பி போன்ற ஒரு நிறத்தைக் குறிக்கிறது. ‘இலை பழுப்பாகிவிட்டது’ என்று மாணவர் எழுதினால், அது மஞ்சளானதா, கருகியதா, அல்லது புதிய தொட்டிகளில் படியும் பழுப்பு நிறப் படலமா என்று நாம் அறிய இயலாது. மஞ்சளாதல், வெளிறுதல், கருகுதல், படலம் படிதல் என்று நான்காகப் பிரித்து எழுதப் பழக்க வேண்டும்.

‘பாசி’ என்பதும் அவ்வாறே. நாம் விரும்பி வளர்க்கும் பூண்டையும், தானே படரும் வேண்டாத உயிரியையும் ஒருசேரப் பாசி என்கிறோம். பாடத்தில் பாசி என்பதைப் பின்னதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, முன்னதை நீர்த்தாவரம் என வழங்குவது குழப்பத்தைத் தவிர்க்கும்.

6. நீரைச் சோதித்தல்

இலை ஐயத்தைத் தருகிறது; நீர்ச் சோதனை அதை உறுதிப்படுத்த உதவுகிறது. கடைகளில் கிடைக்கும் சோதனைப் பெட்டியைக் கொண்டு நைட்ரேட், பாஸ்பேட், கடினத்தன்மை, காரகாடித்தன்மை ஆகியவற்றை அளக்கலாம். தாவரம் மிகுந்த தொட்டிகளில் நைட்ரேட்டை லிட்டருக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரையிலும், பாஸ்பேட்டை 1 முதல் 3 மில்லிகிராம் வரையிலும் வைத்திருப்பது பலர் பின்பற்றும் வழக்கம். இவை தோராயமான வழிகாட்டிகள்; ஒளியும் வளர்ச்சியும் குறைந்த தொட்டிக்கு இவற்றிலும் குறைவாகவே தேவைப்படும்.

சோதனை சில வேளைகளில் நாம் எதிர்பாராத விடையைத் தரும். நீரில் இரும்பு சேர்த்தும் கொழுந்து வெளிறினால் காரத்தன்மையைப் பார்க்க வேண்டும். காரத்தன்மை மிகுந்த நீரில் இரும்பு உயிர்வளியோடு சேர்ந்து துருவாகப் படிந்துவிடும்; தாவரத்துக்கு எட்டாது. இதைத் தவிர்க்கவே இரும்பை ஒரு கரிமச் சேர்மத்தின் பிடிக்குள் வைத்து விற்கிறார்கள். இதற்குத் தமிழ் வேதியியலில் ‘கொடுக்கிணைப்பு’ என்பது பெயர். மேலைச் சொல்லும் நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே பிறந்தது. நண்டு இரையைப் பற்றுவதுபோல் அச்சேர்மம் இரும்பைப் பற்றி நிற்கிறது என்று சொன்னால் தொடக்கப்பள்ளி மாணவருக்கும் விளங்கும்.

அதுபோலவே ஒரு சத்தின் மிகுதி மற்றொன்றைத் தடுப்பதும் உண்டு. பொட்டாசியம் அளவுமீறினால் கால்சியமும் மெக்னீசியமும் உட்செல்வது தடைப்படக்கூடும். மழைநீரையோ தூய வடிநீரையோ மட்டும் பயன்படுத்தும் தொட்டியில் கால்சியமும் மெக்னீசியமும் ஏறத்தாழ இல்லாமலே போகும். குழாய்நீரைப் பயன்படுத்துவோர் மற்றொன்றையும் அறிய வேண்டும். சிங்கப்பூர்க் குழாய்நீரில் குளோராமின் சேர்க்கப்படுகிறது. நீரை ஓரிரவு திறந்து வைப்பதால் மட்டும் அது அகலாது. உரிய நீர்ச்சீராக்கியைக் கலந்த பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும்.

7. திருத்தும் முறை

முதலில் தொட்டியின் கொள்ளளவை அறிய வேண்டும். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரம் உடைய தொட்டியின் கொள்ளளவு 64.8 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி ஆகியவற்றைக் கழித்தால் நீர் ஏறத்தாழ 50 லிட்டரே இருக்கும். நைட்ரேட்டை லிட்டருக்கு 10 மில்லிகிராம் உயர்த்த வேண்டுமானால் 500 மில்லிகிராம் நைட்ரேட் தேவை. நாம் வாங்கிய திரவ உரத்தின் ஒரு மில்லிலிட்டரில் 50 மில்லிகிராம் நைட்ரேட் இருப்பதாகக் கொண்டால் 10 மில்லிலிட்டர் போதும். பெயர்ப்பட்டியிலுள்ள அளவைப் படித்து இக்கணக்கைச் செய்வதை மாணவரிடமே விடலாம். பள்ளியில் தூள் உப்புகளைக் கையாள்வதைவிட ஆயத்தத் திரவ உரத்தைப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது.

அடுத்து நீர்மாற்றம். வாரந்தோறும் பாதி நீரை மாற்றி, ஒரே அளவு உரத்தை இடுவது பலர் கையாளும் முறை. இதன் பின்னால் எளிய கணிதம் உண்டு. தாவரம் எதையும் உட்கொள்ளவில்லை என்றே கொள்வோம். வாரம் 10 அலகு இட்டால், உரமிட்டவுடன் நீரிலிருக்கும் அளவு முதல் வாரம் 10, இரண்டாம் வாரம் 15, மூன்றாம் வாரம் 17.5, நான்காம் வாரம் 18.75 என உயர்ந்துகொண்டே சென்று 20ஐ நெருங்கும், ஆனால் தாண்டாது. வாராந்தர அளவின் இருமடங்கே மேல் எல்லை. நீர்மாற்றத்தை நிறுத்தினால் அந்த எல்லையும் இல்லாமல் போகும். உரமிடுதலும் நீர்மாற்றமும் பிரிக்கலாகாத இணை என்பது இதனால் தெளிவாகும்.

மூன்றாவது, ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுதல். பொட்டாசியம், இரும்பு, ஒளி மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், செடி தேறினாலும் எதனால் தேறியது என்று அறிய இயலாது; தேறாவிட்டால் எதனால் கெட்டது என்றும் அறிய இயலாது.

நான்காவது, புதிய இலையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுதல். துளைபட்ட இலையின் துளை மூடாது. கருகிய பகுதி மீண்டும் பசுமையாகாது. பழைய இலையையே நாள்தோறும் பார்த்துக்கொண்டு ‘மருந்து பலிக்கவில்லை’ என்று அளவைக் கூட்டுவதே பெரும்பாலான தொட்டிகள் கெடுவதற்குக் காரணம். மருந்திட்ட பிறகு தோன்றும் இலை நலமாக இருந்தால் நோய் தீர்ந்தது என்று பொருள். அதற்கு இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். அனுபியாஸ் போன்று மெல்ல வளரும் செடிக்கு இன்னும் கூடுதல் நாள் வேண்டும்.

ஐந்தாவது, தொட்டியின் மற்ற உயிர்களைக் காத்தல். நுண்ணூட்ட உரத்திலுள்ள செம்பு மிகுந்தால் இறால்கள் மடியும். கரிவளியைச் செலுத்தும் தொட்டியில் அது அளவுமீறினால் மீன்கள் மூச்சுத்திணறும். மீன் நீர்மட்டத்தில் வாய் திறந்து நின்றால் செடியைப் பற்றிய ஆய்வை நிறுத்திவிட்டு, முதலில் காற்றோட்டத்தைக் கூட்டிப் பகுதி நீரை மாற்ற வேண்டும். செடிக்கு வாரங்கள் உண்டு. மீனுக்கு மணித்துளிகளே உண்டு.

8. வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

ஆசிரியர்கள் தொட்டியின் அருகில் ஒரு குறிப்பேட்டை வைக்குமாறு பரிந்துரைக்கிறோம். அதில் ஐந்து பத்திகள் போதும்: நாள், எந்த இலை (கொழுந்து, தளிர், இலை, பழுத்த இலை), மாற்றம் (சீராக மஞ்சளாதல், நரம்பிடை வெளிறல், துளை, கருகல், முறுக்கு), நீர்ச் சோதனை அளவு, நாம் செய்தது. வாரம் ஒருமுறை இரு மாணவர்கள் தனித்தனியே ஒரே செடியைப் பார்த்து எழுதட்டும். பின்னர் இரு குறிப்புகளையும் ஒப்பிடட்டும். ஒருவர் ‘வெளிறியது’ என்றும் மற்றவர் ‘மஞ்சளானது’ என்றும் எழுதியிருந்தால் இருவரும் மீண்டும் தொட்டியருகே சென்று, தாம் கண்டது ஒன்றா, வேறா என்று உறுதி செய்யட்டும். அந்த உரையாடல் தமிழில் நடக்கட்டும். சொல்லுக்குப் பொருள் அகராதியில் மட்டும் இல்லை. இருவர் ஒன்றையே கண்டு ஒரே சொல்லால் குறிக்க உடன்படும்போதும் அது உருவாகிறது. கலைச்சொல்லின் பிறப்பு இவ்வாறுதான் நிகழ்கிறது.

காரணத்தை ஊகிக்கும் பத்தியை முதல் மூன்று வாரங்களுக்குச் சேர்க்காமல் இருப்பது நன்று. கண்டதை எழுதுவதும் கருதியதை எழுதுவதும் வேறு வேறு என்பதை மாணவர் முதலில் உணர வேண்டும். ‘இரும்புக் குறை’ என்பது கருத்து; ‘கொழுந்தில் நரம்பிடை வெளிறல்’ என்பது காட்சி. காட்சி சரியாக எழுதப்பட்டிருந்தால், கருத்து தவறினாலும் பின்னர் திருத்திக்கொள்ளலாம். காட்சியே எழுதப்படாவிட்டால் திருத்துவதற்கு எதுவும் இராது.

முடிவாகச் சொல்ல வேண்டியவை சிலவே. உரம் ஊற்றுமுன் இயல்பையும் நடவையும் ஒளியையும் கரிவளியையும் பார்க்க வேண்டும். பிறகு எந்த இலை என்று கேட்க வேண்டும். எவ்வாறு மாறுகிறது என்று கேட்க வேண்டும். நீரைச் சோதிக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிப் புதிய இலைக்காகக் காத்திருக்க வேண்டும். இந்த வரிசைக்கு வேண்டிய சொற்கள் அனைத்தும் நம் மொழியில் இருக்கின்றன. சில உழவரிடமிருந்து வந்தவை. சில பாடநூலாரால் ஆக்கப்பட்டவை. சில பழைய நூல்களில் நின்று நிலவுபவை. அவற்றை நாள்தோறும் பயன்படுத்தும் இடமாக வகுப்பறையின் மூலையிலுள்ள அந்தக் கண்ணாடித் தொட்டியும் இருக்கலாம்.